இரண்டு பெண் நீதிபதிகள், இரண்டு தீர்ப்புகள்

2023 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஹிமா கோலியும் பி.வி. நாகரத்னாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண் நீதிபதி ஒருவர்கூட இல்லாத பெஞ்ச் அங்கே அபூர்வம். அவர்கள் முன்னால் இருந்தது, 26 வாரக் கர்ப்பத்தைக் கலைக்க அனுமதி கேட்ட ஒரு பெண்ணின் வழக்கு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராததால், மூன்றாவதாக ஒன்று தங்கியிருப்பதே வெகு தாமதமாகத்தான் தெரிந்தது.

இரண்டு நாளைக்கு முன்னால், 9ஆம் தேதி, இதே பெஞ்ச் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தது. மறுநாள் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: கரு உயிரோடு பிறக்கும் வாய்ப்பு இருக்கிறது, என்ன செய்வதென்று நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டும். அரசுத் தரப்பு, கொடுத்த உத்தரவைத் திரும்பப் பெறக் கேட்டது. கோலி, கருவைக் கலைக்கத் தன் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார். நாகரத்னா, அந்தப் பெண் எடுத்த முடிவை மதிக்க வேண்டும், உத்தரவை மாற்றத் தேவையில்லை என்றார். பெஞ்ச் இரண்டுபட்டதால் வழக்கு மூன்று நீதிபதிகளிடம் போனது. மூவரும் ஆண்கள். 16ஆம் தேதி அனுமதி மறுக்கப்பட்டது.

அந்த வாரம் பலரும் கேட்ட கேள்வி இதுதான்: "ரெண்டு பேருமே பெண்கள்தானே, அப்புறம் ஏன் ஒத்துப்போகவில்லை?"

கேள்வி எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே மாதம், மனைவியைக் கணவன் வன்புணர்வது குற்றமா என்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் ராஜீவ் ஷக்தரும் சி. ஹரி சங்கரும் நேரெதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். ஒருவர், கணவனுக்கு உள்ள விதிவிலக்கு செல்லாது என்றார். மற்றவர் செல்லும் என்றார். "ரெண்டு பேருமே ஆண்கள்தானே, ஏன் ஒத்துப்போகவில்லை?" என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஆண் நீதிபதி தன் சார்பாகப் பேசுகிறார், பெண் நீதிபதி பெண்கள் எல்லோர் சார்பாகவும் பேசுகிறார் என்று நாம் நம்மை அறியாமலே வைத்திருக்கும் கணக்கு இது. சட்டத்தைப் பெண்ணியப் பார்வையில் படிப்பவர்கள் ஐம்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கோடுதான்.

பெண்ணியப் பார்வை என்றால் என்ன

பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்வது என்று இதைப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை. சட்டம் தன்னை நடுநிலை என்று சொல்லிக்கொள்கிறது. சரி, எந்த இடத்தில் நின்று பார்த்தால் அது நடு என்று திருப்பிக் கேட்பதுதான் இந்தப் பார்வை. அதைப் புரியவைக்க நம் நாட்டு வழக்கு ஒன்றைவிட நல்ல உதாரணம் இல்லை.

1972 மார்ச் 26 இரவு, மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். புகார் ஒன்றின் பேரில் விசாரணைக்கு வந்த குடும்பத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவளை மட்டும் உள்ளே நிறுத்திவைத்தார்கள். காவலர் ஒருவர் வன்புணர்ந்தார், இன்னொருவர் அத்துமீறினார் என்பது குற்றச்சாட்டு. (அந்த வழக்கு இன்றுவரை அவள் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நான் அதைத் தவிர்க்கிறேன்.) செஷன்ஸ் நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. காரணம்: உடம்பில் காயம் இல்லை, அவள் கத்தவில்லை, எதிர்த்துப் போராடியதற்கு அடையாளம் இல்லை. ஆகவே சம்மதம்.

இந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தாக்கப்பட்டால் மனிதர் திருப்பி அடிப்பார், கத்துவார், காயப்படுவார் என்பது நீதிமன்றத்தின் எதிர்பார்ப்பு. யார் அந்த மனிதர்? ஏறக்குறையத் தனக்குச் சமமான ஒருவனோடு தெருவில் கைகலக்கும் வளர்ந்த ஆண். இரவில், காவல் நிலையத்துக்குள், சீருடை போட்டவர்கள் நடுவில், படிப்போ பணமோ இல்லாத பழங்குடிச் சிறுமிக்கு அந்த அளவுகோலை வைத்தார்கள். தீர்ப்பு எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. தங்கள் கையில் இருந்த அளவுகோல் யார் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட அறிஞர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். சம்மதிப்பது வேறு, பணிந்துபோவது வேறு என்பதுதான் அதன் சாரம். சம்மதத்தில் பணிதல் இருக்கலாம். பணிந்ததாலேயே சம்மதம் ஆகிவிடாது. நாக்பூரில் ஆண் நீதிபதிகள் ஏற்கெனவே புரிந்துகொண்டு எழுதியிருந்த வேறுபாடும் இதுதான். மடல் வெளியான பிறகு ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது, பெண்கள் அமைப்புகள் உருவாயின. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் நடந்த வன்புணர்வில் உடலுறவு நிரூபிக்கப்பட்டு, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் மொழியிலும் அதே அளவுகோல் கிடந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் பல காலம் எழுதிவந்த சொல் 'கற்பழிப்பு'. அந்தச் சொல்லின்படி அழிந்தது பெண்ணின் கற்பு. அடித்தவன் எங்கேயும் இல்லை. கற்பு ஏற்கெனவே 'அழிந்த' பெண்ணுக்கு என்ன அழியும் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அந்தச் சிறுமி உடலுறவுக்குப் பழகியவள் என்று செஷன்ஸ் நீதிமன்றம் எழுதியதும் அதே கேள்விதான். இப்போது பெரும்பாலும் 'பாலியல் வன்கொடுமை', 'வன்புணர்வு' என்று எழுதுகிறோம். சொல் மாறியது சின்ன விஷயம் இல்லை.

ஒரே ஒரு சொல்

சொல்லில் தொங்கிய இன்னொரு வழக்கு உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், மைனர் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் "தந்தை, அவருக்குப் பிறகு தாய்" என்கிறது. 1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பேரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே எடுத்த முடிவு அது, அம்மாவே காப்பாளராகக் கையெழுத்துப் போடுவார் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். செல்லாது என்றது வங்கி. அம்மா காப்பாளர் ஆக, அப்பா இறந்திருக்க வேண்டும். சட்டத்தில் "பிறகு" என்றுதானே இருக்கிறது?

1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: "பிறகு" என்பதை "அவர் காலத்துக்குப் பிறகு" என்று படிக்க வேண்டியதில்லை, "அவர் இல்லாதபோது" என்று படிக்கலாம். அப்பா குழந்தையைக் கண்டுகொள்ளாமல் இருந்தாலும், வேறெங்கோ இருந்தாலும், அம்மாவிடமே பொறுப்பை விட்டிருந்தாலும் அவர் "இல்லாதவர்"தான். மூன்று நீதிபதிகளும் ஆண்கள். வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் கவனியுங்கள், அப்பா இருந்து, அக்கறையும் காட்டினால், அம்மா இன்னும் இரண்டாமிடம்தான். அந்த வரியை ரத்து செய்ய வாய்ப்பு இருந்தும் செய்யாமல், இழுத்துப் பிடித்து அர்த்தம் மாற்றினார்கள். உடைந்த நாற்காலிக்கு முட்டுக் கொடுப்பது போல.

கனடாவில் பெண்ணியச் சட்ட அறிஞர்கள் சிலர் தங்கள் நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தாங்களே திரும்ப எழுதிப் பார்த்தது இதனால்தான். அது இங்கிலாந்துக்குப் பரவியது, அப்புறம் பல நாடுகளுக்கு, இந்தியாவிலும் நடந்தது. விளையாட்டுக்கு விதி உண்டு: அந்த வழக்கில் இருந்த அதே உண்மைகள், அந்தத் தேதியில் இருந்த அதே சட்டம், அவ்வளவுதான் கையில். பின்னால் வந்த எதையும் பயன்படுத்தக் கூடாது. அப்படி எழுதியும் வேறு தீர்ப்பு வருகிறது என்றால், "சட்டம் அப்படித்தான் இருந்தது, நீதிபதி என்ன செய்வார்" என்ற சாக்கு எடுபடாது. சட்டத்துக்குள்ளேயே இரண்டு வழி இருந்தது, ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது.

வீட்டு வேலைக்கு வருவோம். 2021 ஜனவரியில், விபத்தில் இறந்துபோன தம்பதிக்கான இழப்பீட்டு வழக்கில் மனைவிக்கு என்ன வருமானம் போடுவது என்ற கேள்வி வந்தது. நீதிபதி என்.வி. ரமணா 2019ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்து வைத்தார்: சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலைக்குக் கற்பிதமாக ஒரு வருமானம் வைத்து இழப்பீடு கொடுப்பது, அது வேலைதான் என்று ஒப்புக்கொள்வதாகும் என்று எழுதினார்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கணவர் வளைகுடாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து, குடும்பத்தை நடத்தி, அந்தப் பணத்தில் சொத்து வாங்கினார். பின்னால் தகராறு வந்தபோது எல்லாம் என் சம்பாத்தியம் என்றார் கணவர். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் இதற்கு ரெடிமேட் தீர்ப்பு இருக்கிறது: அவன் சம்பாதித்தான், இவள் செலவு பண்ணினாள். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அப்படிப் பார்க்கவில்லை. வீட்டில் இருப்பவள் சமையல்காரர், மருத்துவர், கணக்குப்பிள்ளை, நிர்வாகி எல்லாமாக, லீவே இல்லாமல் உழைக்கிறாள். அந்த உழைப்பு இருந்ததால்தான் கணவர் நிம்மதியாக வெளிநாட்டில் வேலை பார்க்க முடிந்தது. ஆகவே சொத்தில் அவளுக்குச் சரிபாதி என்றார். கணவன் மனைவி சொத்தைப் பங்கிட இப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதினார்.

எழுதியவர்கள் ஆண்கள். தீர்ப்புகளோ பெண்ணியப் பார்வைக்குப் பாடப்புத்தக உதாரணங்கள்.

அப்படியென்றால் பெண் நீதிபதி எதற்கு?

நியாயமான கேள்வி. இதற்கு இந்து மல்ஹோத்ராவின் ஒரு மாதத்தைப் பார்க்கலாம். நேரடியாக வக்கீல் வரிசையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் பெண் அவர், 2018 ஏப்ரலில். அதே ஆண்டு செப்டம்பரில் மூன்று பெரிய வழக்குகளின் ஐந்து நீதிபதி அமர்வுகளில் அவர் இருந்தார். மூன்றிலும் அவர் ஒருவர்தான் பெண். 6ஆம் தேதி, ஒருபாலின உறவைக் குற்றமாக்கிய பகுதி ரத்தானது. அந்த மக்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். 27ஆம் தேதி, மனைவியைக் கணவனின் உடைமையாகப் பார்த்த பிறன்மனைக் குற்றப் பிரிவு ரத்தானது. அதிலும் உடன்பட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். மறுநாள் 28ஆம் தேதி சபரிமலை. நான்கு ஆண்களும் எல்லா வயதுப் பெண்களையும் அனுமதிக்க வேண்டும் என்றார்கள். மல்ஹோத்ரா மட்டும் மறுத்தார். மத நம்பிக்கை பகுத்தறிவுக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்றார்.

அன்றைக்குத் தொலைக்காட்சிகளில் நடந்த கூத்து ஞாபகம் இருக்கும். "பார்த்தீர்களா, பெண் நீதிபதியே சொல்லிவிட்டார்" என்று ஒரு தரப்பு. "பெண்ணாக இருந்துகொண்டு எப்படி" என்று இன்னொரு தரப்பு. அவர் எழுதிய காரணங்களைப் பற்றி இரண்டு தரப்பும் அதிகம் பேசவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு கிடையாது. ஆனால் முந்தின நாள் எழுதியதையும் அன்று எழுதியதையும் சேர்த்துப் படித்தால் தெரிவது, தன் சட்டக் கொள்கையைப் பின்பற்றிப் போகிற ஒரு நீதிபதி. தனி ஆளாக இருந்ததால் அவரை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு பெண் மட்டும் இருக்கிற இடத்தில் அவர் எதைச் சொன்னாலும் அது பெண்கள் எல்லோரும் சொன்னதாக ஆகிவிடுகிறது.

எண்ணிக்கை முக்கியம் என்பதற்கு நான் தேடிய பதில் இங்கேதான் இருக்கிறது. பெண்கள் வந்தால் பெண்களுக்குத் தீர்ப்பு கிடைக்கும் என்பதால் இல்லை. நிறையப் பேர் இருந்தால்தான் ஒருவரோடு ஒருவர் முரண்பட முடியும், தவறு செய்ய முடியும், பெண் என்ற பட்டத்தைச் சுமக்காமல் நீதிபதியாக மட்டும் இருக்க முடியும்.

ஆனாலும் வித்தியாசமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகளை வைத்து 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. பதின்மூன்று வகை வழக்குகளைப் பார்த்தார்கள். பெரும்பாலான வகைகளில் ஆணா பெண்ணா என்பதால் தீர்ப்பில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. வேலையிடத்தில் பாலினப் பாகுபாடு பற்றிய வழக்குகளில் மட்டும் தெளிவாக இருந்தது. அதைவிட சுவாரசியம், மூன்று பேர் அமர்வில் ஒரு பெண் இருந்தால் கூட இருந்த ஆண்களின் தீர்ப்பும் மாறியது. மாற்றம் அவர் போடும் ஒரு ஓட்டில் மட்டும் இல்லை. அறைக்குள் நடக்கும் பேச்சிலும் இருக்கிறது.

அறைக்குள் என்ன பேச்சு நடக்கும் என்பதற்கு 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு காட்சி. மாத்திரை வைத்திருக்கிறாள் என்ற சந்தேகத்தில் 13 வயதுப் பள்ளி மாணவியின் உள்ளாடை வரை சோதித்த வழக்கு. வாதத்தின்போது ஆண் நீதிபதிகள் சிலர், விளையாட்டு வகுப்புக்கு உடை மாற்றுவது போலத்தானே என்ற தொனியில் பேச, சிரிப்பும் எழுந்தது. அன்றைக்கு அந்த நீதிமன்றத்தில் ஒரே பெண் ரூத் பேடர் கின்ஸ்பர்க். சக நீதிபதிகள் யாரும் 13 வயதுப் பெண்ணாக இருந்ததில்லை என்று பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். கடைசியில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தச் சோதனை சட்ட விரோதம் என்று தீர்ப்பு வந்தது.

நம் பக்கம் வந்தால் ராக்கி வழக்கு. 2020 ஜூலையில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அத்துமீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கொடுத்தது. நிபந்தனை: ராக்கி கயிறும் இனிப்பும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்கே போய், தனக்கு ராக்கி கட்டிவிடச் சொல்ல வேண்டும், அண்ணன் சீராக 11,000 ரூபாய், அவர் மகனுக்குத் துணிமணிக்கும் இனிப்புக்கும் 5,000 ரூபாய். எந்த வாசலைத் தாண்டி வந்ததாகப் புகாரோ, அதே வாசலுக்கு நீதிமன்றமே அவரைத் தட்டோடு அனுப்பிவைத்தது. நாமும் யோக்கியர்கள் இல்லை: 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், வன்புணர்வுக் குற்றவாளி ஒருவர் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக ஜாமீன் பெற்றார். வன்புணர்வில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் கடுமையாகச் சொன்ன பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ராக்கி உத்தரவை 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பெண்கள் பலவீனமானவர்கள், ஆண்தான் குடும்பத் தலைவர், நல்ல பெண் என்றால் ஒழுக்கமாக இருப்பாள் என்பது போன்ற பேச்செல்லாம் நீதிபதிகள் வாயிலோ எழுத்திலோ வரக் கூடாது என்று பட்டியலே போட்டது. அந்த வழக்கில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் கொடுத்த எழுத்துபூர்வ வாதத்தில் ஒரு கோரிக்கை இருந்தது: நீதித்துறையில் பெண்களைக் கூட்டுங்கள். 34 இடங்களில் இரண்டு பேர்தான் பெண்கள் என்று அவர் சுட்டிக்காட்டினார். வந்த தீர்ப்பை எழுதியது, சொல்லப்போனால், இரண்டு ஆண்கள்.

மேலே போகும் படிக்கட்டு

1950இல் தொடங்கி 2025 வரை உச்ச நீதிமன்றத்தில் 270க்கும் மேற்பட்டவர்கள் நீதிபதியாக இருந்திருக்கிறார்கள். பெண்கள் 11 பேர். 2021 ஆகஸ்ட் 31 அன்று ஒரே நாளில் மூன்று பெண்கள் பதவியேற்றது பெரிய செய்தி. 2025இல் பேலா திரிவேதி ஓய்வு பெற்றதும் மிஞ்சியது நாகரத்னா ஒருவர்.

கீழே வாருங்கள், படம் வேறு மாதிரி. மாவட்ட அளவிலும் அதற்குக் கீழும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். உயர் நீதிமன்றங்களில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். சென்னை உயர் நீதிமன்றம் இதில் கொஞ்சம் பரவாயில்லை. 2020 டிசம்பரில் 13 பெண் நீதிபதிகள் இருந்தார்கள், நாட்டிலேயே அதிகம்.

ஏன் மேலே போகப் போக ஆட்கள் குறைகிறார்கள்? கீழே உள்ள வேலைக்குத் தேர்வு இருக்கிறது. படித்து எழுதி மார்க் வாங்கினால் வேலை. பல மாநிலங்களில் பெண்களுக்கு ஒதுக்கீடும் உண்டு. மேலே தேர்வு கிடையாது, கொலீஜியம். மூத்த நீதிபதிகள் சிலர் உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த, தங்கள் முன்னால் வாதாடிப் பார்த்த வக்கீல்களிலிருந்து பெயர் சொல்ல வேண்டும். அவர்கள் கண்ணில் பட வேண்டுமானால் பெரிய சீனியரிடம் ஜூனியராக இருந்திருக்க வேண்டும், அரசு வக்கீல் பட்டியலில் இடம் வேண்டும், மூத்த வழக்கறிஞர் அந்தஸ்து வேண்டும். முப்பது வயதில் பிரசவத்துக்காக இரண்டு வருடம் விட்டுவிட்டுத் திரும்புகிற பெண்ணின் வழக்குக் கட்டுகள் எல்லாம் அதற்குள் வேறு ஆபீஸுக்குப் போயிருக்கும். ராத்திரி ஒன்பது மணி வரை சீனியர் ஆபீஸில் இருந்து வழக்கு தயார் செய்கிற ஜூனியருக்குத்தான் மறுநாள் எழுந்து நின்று வாதாட வாய்ப்பு. வீட்டில் குழந்தை இருந்தால் யார் ஒன்பது மணி வரை இருப்பார்?

தேர்வு எழுதிக் கீழிருந்து ஏறுகிறவர்களுக்கு வயது தடை. உயர் நீதிமன்றத்தில் ஓய்வு 62, உச்ச நீதிமன்றத்தில் 65. சிவில் நீதிபதியாகச் சேர்ந்தவர் மாவட்ட நீதிபதியாகி, உயர் நீதிமன்றத்தைத் தொடும்போதே ஐம்பதைத் தாண்டியிருப்பார். அதற்கப்புறம் சீனியாரிட்டி சேர்வதற்குள் வீட்டுக்குப் போக வேண்டிய நாள் வந்துவிடும். ஆர். பானுமதி 1988இல் மாவட்ட நீதிபதியாக நேரடியாகத் தேர்வானவர் என்பதால்தான் உயர் நீதிமன்றத்தைத் தாண்டி 2014இல் உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது. (2006இல் மதுரையில் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்ட நீதிபதி என்றால் பலருக்குச் சட்டென்று ஞாபகம் வரும். அவர் போட்ட மற்ற ஆயிரம் உத்தரவுகள் யாருக்கும் தெரியாது.)

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதில் இன்னொரு படியைச் சேர்த்தது: சிவில் நீதிபதித் தேர்வு எழுத, குறைந்தது மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். நீதிமன்ற வாசம் தெரியாத இருபத்து மூன்று வயதுக்காரரை நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது என்பது காரணம். காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் மூன்று வருடம் பல சீனியர்கள் கொடுப்பது பஸ் செலவுக்குத்தான் காணும். அந்த மூன்று வருடத்தை யார் வீடு தாங்கும் என்று பார்த்தால், கிராமத்திலிருந்து வந்த, வீட்டில் முதலாவதாகப் படித்த பெண்ணுக்குத்தான் முதலில் கல்யாணப் பேச்சு வரும். பெண்கள் நிறையப் பேர் உள்ளே வந்ததே அந்தத் தேர்வு என்ற வாசல் வழியாகத்தான்.

இதோடு கழிவறை. 2021இல் தலைமை நீதிபதியாக இருந்த ரமணா சொன்ன கணக்கு: நாட்டின் நீதிமன்ற வளாகங்களில் 26 சதவீதத்தில் பெண்களுக்குத் தனிக் கழிவறை இல்லை. காலை பத்தரை முதல் மாலை வரை ஒரு வளாகத்தில் நிற்க வேண்டிய தொழில் இது. தண்ணீரே குடிக்காமல் நாளைக் கடத்தும் பெண் வக்கீல்களை நீதிமன்றத்துக்குப் போய்வருகிற யாருக்கும் தெரியும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வருவதற்கு முன்னால் வெள்ளைச் சீருடையில், குறுக்கே சிவப்புப் பட்டையோடு, செங்கோல் பிடித்து, "உஷ்" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் நடந்து வருவார். டவாலி. அந்த வேலைக்கு முதன்முதலாக ஒரு பெண் வந்தது 2022இல். நூற்று அறுபது வருடப் பழமையான நீதிமன்றம் அது. 'நீதியரசர்' என்ற நம் சொல்லும் பக்கத்தில்தான் நிற்கிறது: நீதிபதியை அரசராகவே நினைத்துப் பழகிவிட்டோம். பெண் நீதிபதியையும் நீதியரசர் என்றே சொல்கிறோம். அரசி என்றால் யாருடைய மனைவி என்று தோன்றிவிடுமோ என்ற கூச்சமாகக்கூட இருக்கலாம்.

பெண்கள் என்று சொல்லும்போது எந்தப் பெண்கள்?

மேலே சொன்ன 11 பேரில் முஸ்லிம் ஒருவர்: பாத்திமா பீவி. தலித் பெண்ணோ பழங்குடிப் பெண்ணோ அந்தப் பட்டியலில் இல்லை. 2018க்குப் பிறகு உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பொதுப் பிரிவினர் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆண் பெண் என்ற ஒரு கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது போதாது என்பதற்கு ராஜஸ்தானின் பன்வாரி தேவி வழக்கே சாட்சி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் தாக்கப்பட்டவர் அவர். கீழ் நீதிமன்றம் 1995இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, மேல்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட மாட்டார்கள் என்பது. பெண் என்பதால் மட்டும் வந்த அநியாயம் இல்லை இது, சாதியால் மட்டும் வந்ததும் இல்லை. இரண்டும் பின்னிய முடிச்சு.

அந்தத் தாக்குதலின் தொடர்ச்சியாகப் பெண்கள் அமைப்புகள் போட்ட மனுவில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. வேலையிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான முதல் நெறிமுறைகள் அதில்தான் கிடைத்தன. மூவர் அமர்வில் ஜே.எஸ். வர்மா, பி.என். கிர்பால் ஆகியோரோடு சுஜாதா மனோகர் இருந்தார். அப்போது உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒரே பெண். 2021 ஏப்ரலில் பார்வையற்ற தலித் பெண் ஒருவருக்கு நேர்ந்த வன்புணர்வு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சைப் பற்றியே விரிவாக எழுதியது: சாதி, பாலினம், உடற்குறை மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எடைபோட்டால் அவருக்கு நடந்தது என்னவென்றே தெரியாது. எழுதியது டி.ஒய். சந்திரசூட். அவர் தலைமை நீதிபதியாக இருந்தபோதுதான், 2023 ஆகஸ்டில், நீதிபதிகள் தவிர்க்க வேண்டிய பாலினச் சொற்களுக்கு ஒரு கையேடும் வந்தது.

பாத்திமா பீவியைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஆளுநராகத்தான் தெரியும், 1997 முதல் 2001 வரை. அதற்கு முன்னால் அவர் கேரளத்தில் 1958இல் முன்சீஃபாக, அதாவது கீழ்நிலை சிவில் நீதிபதியாகத் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, 1983இல் உயர் நீதிமன்றம் போய், 1989 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர். மொத்தம் முப்பத்தொரு வருடம். உச்ச நீதிமன்றத்தில் இருந்தது இரண்டரை வருடம். அவர் பதவியேற்றபோது தலைமை நீதிபதியாக இருந்தவர் இ.எஸ். வெங்கடராமையா. கர்நாடகக்காரர், ஆறு மாதம்தான் அந்தப் பதவியில் இருந்தார்.

நாகரத்னா அவருடைய மகள். மூப்பு வரிசை மாறாவிட்டால் 2027 செப்டம்பரில் இந்தியாவின் முதல் பெண் தலைமை நீதிபதி ஆவார். அக்டோபர் கடைசியில் அவருக்கு 65 முடிகிறது. பதவிக் காலம் 36 நாள்.